விண்வெளி வீரரா விண்ணோடியா, கூட்டமா தொகுதியா: எந்தச் சொல்லை எங்கே எழுதலாம்?

2025 ஜூன் 25 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கான ஆக்சியம்-4 என்ற தனியார் பயணத்துக்காக புளோரிடாவிலிருந்து கிளம்பிய டிராகன் விண்கலத்தில் நான்கு பேர் இருந்தார்கள். தலைமை ஏற்றவர் பெக்கி விட்சன். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாசாவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பின் ஒரு தனியார் நிறுவனத்துக்காகப் பறக்கிறார். கலத்தை இயக்கும் பொறுப்பில் இருந்தவர் சுபான்ஷு சுக்லா, இந்திய விமானப் படையின் குரூப் கேப்டன். போலந்தைச் சேர்ந்த ஸ்வாவோஷ் உஸ்னான்ஸ்கி செர்ன் என்னும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர். ஹங்கேரியின் டிபோர் காபு இயந்திரப் பொறியாளர்.

இவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது? "நான்கு விண்வெளி வீரர்கள்" என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் நால்வரில் படைப்பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர்தான், தலைவரோ ஒரு பெண், அதோடு இது அரசு அமைப்பு ஒன்று தனியாக நடத்திய பயணமும் இல்லை. விண்வெளி பற்றித் தமிழில் எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், வசன வரி போடுகிறவர், பாடம் தயாரிக்கிறவர் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். விண்ணில் சேர்ந்து பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு என்ன பெயர் வைப்பது என்பது இதே போன்ற இன்னொரு கேள்வி. அதில் குழப்பம் இன்னும் கூடுதல். இரண்டிலும் புழக்கத்தில் உள்ள சொற்களையும் புதிதாக வந்து நிற்கும் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என் தேர்வையும் சொல்கிறேன்.

வீரர்

"விண்வெளி வீரர்" என்பதற்கு இருக்கும் பெரிய பலம், எல்லோருக்கும் புரியும் என்பது. பள்ளிக் குழந்தையிடம் சொன்னாலும் தாத்தாவிடம் சொன்னாலும் விளக்கம் தேவையில்லை. "வீரர் என்றால் படைக்காரர், அதனால் தவறு" என்று சிலர் சொல்லும் வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. தமிழில் தீயணைப்பு வீரர் உண்டு, கபடி வீரர் உண்டு, மலையேற்ற வீரரும் உண்டு. உடல் துணிவும் கடும் பயிற்சியும் வேண்டிய வேலையைச் செய்கிறவர் என்ற அளவுக்கு அந்தச் சொல் விரிந்து வெகு நாளாகிவிட்டது.

தொடக்கத்தில் இந்தப் பெயர் கச்சிதமாகவே பொருந்தியது. 1959 ஏப்ரலில் நாசா அறிவித்த, அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களான மெர்க்குரி எழுவரும் படைப்பிரிவுகளின் சோதனை விமானிகள். 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றி இறங்கிய யூரி ககாரின் சோவியத் விமானப் படை அதிகாரி. ஆனால் அந்தப் பொருத்தம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1963-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலென்டினா தெரஷ்கோவா ஜவுளி ஆலைத் தொழிலாளி. பாராசூட்டில் குதிப்பதில் ஆர்வம் கொண்டவர் என்பதால் தேர்வானார். அடுத்த ஆண்டே வோஸ்கோத்-1 கலத்தில் கான்ஸ்டான்டின் ஃபியோக்டிஸ்டோவ் என்ற பொறியாளரும் போரிஸ் யெகோரோவ் என்ற மருத்துவரும் சென்றார்கள். 1972 டிசம்பரில் நிலவில் நடந்த ஹாரிசன் ஷ்மிட் ஒரு நிலவியலாளர்.

எனக்கு இந்தச் சொல்லில் உறுத்துவது வேறொன்று. வீரர் என்பது ஏவுதளத்தில் நெருப்பு கக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பொருந்தும் சொல். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருப்பவரின் நாள் அப்படிப்பட்டதல்ல. காலையில் தன் இரத்தத்தைத் தானே எடுத்து உறைபெட்டியில் வைப்பார். பிறகு செடிக்கு நீர் விட்டுப் படம் எடுப்பார். கழிப்பறைக் குழாயைக் கழற்றி மாட்டுவார். எலும்பும் தசையும் தேயாமலிருக்க இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்வார். பொறுமையும் ஒழுங்கும் கேட்கிற வேலை அது. "வீரர்" என்று படிக்கிற மாணவிக்கு இந்த வேலை கண்ணில் படுவதே இல்லை. தனக்கும் அங்கே இடமிருக்கிறது என்று தோன்றுவதும் இல்லை.

மாணவி என்றதும் அடுத்த சிக்கல் வந்துவிடுகிறது. பெண்ணாக இருந்தால் வீராங்கனை என்று எழுதுகிறோம். சுனிதா வில்லியம்ஸைப் பற்றிய செய்திகளில் இது நிலைத்துவிட்டது. ஒருவரைப் பற்றி எழுதும்போது தொல்லையில்லை. இருபாலரும் கலந்த குழு என்றால் "வீரர், வீராங்கனைகள்" என்று நீட்ட வேண்டும். சுருக்கி "வீரர்கள்" என்றால் பெண்கள் மறைந்துபோகிறார்கள். எல்லாரையும் "வீரர்" என்றே அழைக்கலாம், "ர்" விகுதி பொதுப்பால்தானே என்றால் இலக்கணப்படி சரி. ஆனால் வீராங்கனை என்ற சொல் வேரூன்றிவிட்ட பிறகு "வீரர்" என்பது படிப்பவர் மனத்தில் ஆணாகவே விழுகிறது.

விண்ணோடி

கடலில் கலம் செலுத்திப் போகிறவரைக் கடலோடி என்கிறோம். அந்த வார்ப்பில் அமைந்தது விண்ணோடி. இது யாரோ வலிந்து கட்டிய சொல் அல்ல. தமிழின் இயல்பான ஆக்கம். இதில் ஒரு நல்ல பொருத்தமும் இருக்கிறது. அஸ்ட்ரோனாட், காஸ்மோனாட் இரண்டிலும் பின்பாதியாக நிற்பது மாலுமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முன்பாதிதான் வேறு: அமெரிக்கர் விண்மீனை எடுத்துக்கொண்டார்கள், ரஷ்யர் பேரண்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹங்கேரி மொழியிலும் இதே கப்பல்காரர் கற்பனை உண்டு. ஆக, விண்ணோடி என்று எழுதும்போது உலகம் இந்தத் தொழிலைப் பார்த்த அதே கோணத்தில்தான் நாமும் பார்க்கிறோம், அதுவும் நம் சொந்தக் கடல் சொல்லைக் கொண்டு.

நடைமுறை வசதியும் அதிகம். மாலுமி, விமானி, விஞ்ஞானி போல இகரத்தில் முடிவதால் ஆண் பெண் வேறுபாடு இல்லை. மரியாதை வினையில் வந்துவிடுகிறது. "விண்ணோடி பெக்கி விட்சன் கூறினார்", "விண்ணோடிகள் நால்வரும் திரும்பினர்" என்று எழுதினால் எங்கும் இடிக்கவில்லை. தொகைச்சொல்லும் எளிதாகக் கிடைக்கும்: விண்ணோடிப் பயிற்சி, விண்ணோடி உடை, முன்னாள் விண்ணோடி. "முன்னாள் விண்வெளி வீராங்கனைகள் பயிற்சிக் குழு" என்று ஒரு வரியை எழுதிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் முறை படிப்பவர் ஒரு நொடி நிற்பார். "நாடோடி" நினைவுக்கு வந்து, இலக்கில்லாமல் அலைகிறவர் என்ற சாயல் சிலருக்குத் தட்டலாம். இணையத்தில் தேடுபவர் "விண்வெளி வீரர்" என்றுதான் தட்டச்சு செய்வார், ஆகவே தலைப்பில் விண்ணோடி மட்டும் இருந்தால் கட்டுரை அவர் கண்ணில் படாமல் போகலாம். இவை உண்மையான தடைகள்தாம். ஆனால் மூன்றுமே பழக்கத்தில் கரையக்கூடியவை. முதல் பத்தியில் "விண்வெளி வீரர்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விண்ணோடிக்கு மாறினால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

"விண்வெளி மனிதர்" என்ற வடிவத்தை அறவே தவிர்க்கலாம். தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனத்தில் இதே அமைப்பில் ஒரு சொல் புழங்குகிறது, அங்கே பொருந்துகிறது. தமிழிலோ வேற்றுக்கிரகத்திலிருந்து இறங்கி வந்தவர் என்றே தோன்றும்.

பயணி

"விண்வெளிப் பயணி" நடுநிலையான சொல். பாலும் இல்லை, படையும் இல்லை. ஆனால் பயணி என்றால் யாரோ ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து போகிறவர். கலத்தைச் செலுத்துபவரையும் கலத்துக்கு வெளியே விண்நடை போய்ப் பழுது பார்ப்பவரையும் பயணி என்பது பேருந்து ஓட்டுநரைப் பயணி என்பதற்குச் சமம். ஆகவே எல்லோருக்கும் பொதுச்சொல்லாக இதை வைப்பதைவிட, பயணம் செய்வதற்காகவே சென்றவருக்கு ஒதுக்குவதுதான் நல்லது.

அப்படி ஒதுக்குவதற்கு இப்போது தேவையும் வந்துவிட்டது. 2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ சொந்தப் பணத்தில் சென்றபோது "விண்வெளிச் சுற்றுலாப் பயணி" என்ற பெயர் பரவியது. 2006-ல் சொந்தச் செலவில் சென்ற முதல் பெண்ணான அனுஷே அன்சாரி அந்த அடையாளத்தை விரும்பவில்லை. பயிற்சி எடுத்து, ஆய்வுகள் செய்து வந்தவரைச் சுற்றுலா வந்தவர் என்பது குறைத்துச் சொல்வதாகும். அமெரிக்கச் சட்டம் 2004-லேயே "விண்பயணப் பங்கேற்பாளர்" என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டது. 2021 ஜூலை 20 அன்று, ஜெஃப் பெசோஸ் தன் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் கலத்தில் மேலே போய் வந்த அதே நாளில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வணிக விண்ணோடிச் சின்னம் தருவதற்கான விதிகளை இறுக்கியது. 80 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டினால் போதாது. பறப்பின்போது பொதுப் பாதுகாப்புக்கோ மனித விண்பயணத்தின் பாதுகாப்புக்கோ உதவும் செயல் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்றது. உயரத்தை வைத்துப் பெயர் கொடுப்பது போய், செய்யும் வேலையை வைத்துப் பெயர் கொடுப்பது வந்தது. இந்த அளவுகோல் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

பணம் கொடுத்தாரா என்பதை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாரெட் ஐசக்மன் ஒருவர் போதும். 2021 செப்டம்பரில் இன்ஸ்பிரேஷன்-4 பயணத்துக்கு அவர்தான் பணம் போட்டார், தலைமையும் ஏற்றார். 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் பயணத்தில் கலத்தின் வாயிலுக்கு வெளியே உடலை நீட்டி, தனியார் பயணத்தின் முதல் விண்நடையைச் செய்தார். செலவு செய்தவர் என்பதற்காக அவரைப் பயணி என்றால் உண்மைக்குப் பொருந்தாது. மறுபுறம், சுமார் பதினொரு நிமிடம் மேலே போய் சன்னல் வழியே பூமியைப் பார்த்து இறங்குபவரை விண்ணோடி என்றால் அந்தச் சொல்லின் எடை போய்விடும். அவர் விண்வெளிப் பயணி. அதில் இழிவு எதுவும் இல்லை.

நாட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமா?

அஸ்ட்ரோனாட், காஸ்மோனாட், டைக்கோனாட், வியோமநாட், ககன்யாத்ரி என்று வரிசையாக நாட்டுப் பெயர்கள் வந்து நிற்கின்றன. இவற்றைத் தமிழில் அப்படியே எடுத்தாள வேண்டுமா என்பதற்கு ஒரு பன்னாட்டு உடன்படிக்கை நல்ல விடை தருகிறது. 1967-ன் விண்வெளி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு இவர்களை மனிதகுலத்தின் தூதர்களாகக் கருத வேண்டும் என்கிறது. அதன் ஆங்கில மூலத்தில் அஸ்ட்ரோனாட் என்றும் ரஷ்ய மூலத்தில் காஸ்மோனாட் என்றும் இருக்கிறது. இரண்டு மூலங்களுக்கும் ஒரே அதிகாரம். அதாவது சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒருவரே. பிறகு தமிழில் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்? "ரஷ்ய விண்ணோடி", "சீன விண்ணோடி" போதும். டைக்கோனாட் என்பது சீனாவின் அதிகாரபூர்வச் சொல்லும் அல்ல. விண்வெளிக்கான சீனச் சொல்லோடு கிரேக்க வால் ஒட்டி வெளியே உருவானது. 2003-ல் யாங் லிவெய் பறந்தபோதும் இன்றும் சீனர்கள் தங்களவரை "ஹாங்தியான்யுவான்" என்றே சொல்கிறார்கள். இந்தியர்களுக்கென வந்த வியோமநாட்டும் அதே மாதிரி ஒட்டு, சமஸ்கிருதத் தலையோடு.

ககன்யாத்ரி கதை வேறு. 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யானுக்கான நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டதற்குப் பிறகு, இது அந்தத் திட்டத்தில் உள்ளவர்களின் பதவிப் பெயர் போல ஆகியிருக்கிறது. பதவிப் பெயர் என்ற முறையில் ககன்யான் பற்றி எழுதும்போது ஒருமுறை குறிப்பிடலாம். எல்லா நாட்டு விண்ணோடிகளுக்கும் பொதுச்சொல்லாக அதை நீட்டக் கூடாது. 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11-ல் சென்ற ராகேஷ் ஷர்மாவைப் பின்னோக்கிப் போய்க் ககன்யாத்ரி ஆக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம், உடன்படிக்கை போன்றவற்றை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1968-ன் மீட்பு உடன்படிக்கையின் தலைப்பில் விண்ணோடிகள் இருக்கிறார்கள். உள்ளே விதிகளில் வருவதோ "விண்கலத்தில் பணிபுரிவோர்". கட்டணம் செலுத்திச் சென்றவர் இதில் அடங்குவாரா என்று சட்ட அறிஞர்கள் வாதிடுவதே இந்தச் சொல் வேறுபாட்டை வைத்துத்தான். இரண்டையும் "விண்வெளி வீரர்" என்று போட்டு மூடிவிட்டால் வாதத்தின் அடித்தளமே மொழிபெயர்ப்பில் காணாமல் போகும். அங்கே "விண்கலப் பணியாளர்" என்று எழுதுவதே சரி.

என் தேர்வு இதுதான்: பயிற்சி பெற்று, கலத்திலோ நிலையத்திலோ பொறுப்போடு வேலை செய்கிறவர் விண்ணோடி. பார்த்து வரச் சென்றவர் விண்வெளிப் பயணி. அன்றாடச் செய்தியில், தலைப்பில், முதல் குறிப்பில் விண்வெளி வீரர் இருந்துவிட்டுப் போகட்டும். பாடநூல், கலைக்களஞ்சியம், அருங்காட்சியகப் பலகை, வசன வரி போல நீண்ட நாள் நிற்கப் போகும் எழுத்தில் விண்ணோடியை முன்னே கொண்டுவர வேண்டும். ஆக்சியம்-4-ன் நால்வரும் இந்தக் கணக்குப்படி விண்ணோடிகள். ஆளுக்கொரு விளக்கம் தேவைப்படவில்லை.

கோள்கள் கூடினால்

சேர்ந்து பறப்பதைப் பற்றிப் பேசும் முன் தனியாகப் பறப்பதன் பெயர். இந்தியத் தமிழில் செயற்கைக்கோள், இலங்கைத் தமிழில் செய்மதி. கோள் சூரியனைச் சுற்றும், மதி கோளைச் சுற்றும். அந்த வகையில் செய்மதியே நுட்பமான சொல். குறுகியதும்கூட, பின்னால் எந்தச் சொல் வந்தாலும் சுமக்கும். ஆனால் வாசகர் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கச் சொல்லை எழுதுவதே முறை. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இனி முக்கியமானது. ஜி.பி.எஸ். போன்ற ஏற்பாட்டுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டது வானியலில் ஓரியன், சிம்மம் முதலியவற்றைக் குறிக்கும் அதே சொல்: கான்ஸ்டலேஷன். அதைப் பார்த்துத் தமிழிலும் "செயற்கைக்கோள் விண்மீன் கூட்டம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இது கெட்ட தேர்வு. விண்மீன் கூட்டம் என்பதைச் சிலர் ஓரியனுக்கும் சிலர் அண்டப் பேரடைகளுக்கும் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். மூன்றாவதாக ஒன்றை அதில் ஏற்ற இடமில்லை. இணையச் சேவைக்காக ஆயிரக்கணக்கில் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் போன்றவற்றால் இரவு வானத்துக்கு வரும் இடையூறு பற்றி வானியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். அதற்கென 2022-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு மையமே தொடங்கியது. அந்தச் செய்தியை எழுதப் போனால் "விண்மீன் கூட்டங்களைப் பார்க்க விடாமல் விண்மீன் கூட்டங்கள் தடுக்கின்றன" என்று வந்து நிற்கும். இதைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்?

"விண்மீன்" என்பதை எடுத்துவிட்டு "செயற்கைக்கோள் கூட்டம்" என்றால் சற்றுத் தெளிவு. ஆனால் கூட்டம் என்றால் நெருக்கம், ஒழுங்கின்மை. ஜி.பி.எஸ். இதற்கு நேர் எதிர். பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஆறு சுற்றுப்பாதைத் தளங்கள், அதாவது பூமியைச் சுற்றும் ஆறு வெவ்வேறு பாதைகள். அடிப்படைத் திட்டப்படி தளத்துக்கு நான்கு இடங்கள், மொத்தம் இருபத்து நான்கு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். எந்த நேரத்தில் எந்த ஊரில் நின்றாலும் குறைந்தது நான்கு கோள்கள் தென்பட வேண்டும் என்பதற்காகக் கணக்குப் போட்டுப் பரப்பியிருக்கிறார்கள். நெருங்கினால் திட்டமே கெட்டுவிடும் ஒன்றைக் கூட்டம் என்று அழைப்பதில் என்ன நியாயம்?

"வலையமைப்பு" பரவலாகக் காணப்படும் இன்னொரு தேர்வு. தொலைபேசிச் சேவை தரும் இரிடியம் கோள்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்: சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஆறு தளங்களில் அறுபத்தாறு கோள்கள், ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துக் கோள்களோடு நேரடியாகப் பேசிக்கொள்கிறது. ஆனால் வலையமைப்பு என்றால் தரை நிலையங்களும் இணைப்புகளும் சேர்ந்ததுதான். படம் பிடிப்பதற்காகப் பரப்பிய கோள்கள் ஒன்றோடொன்று பேசாமலே இருக்கலாம். அவையும் இதே வகைதான். வலையமைப்பை முழு ஏற்பாட்டுக்கும் வைத்துக்கொண்டு, விண்ணில் இருக்கும் பகுதிக்கு வேறு சொல் தேடுவது மேல்.

எஞ்சுபவை குழாம், தொகுதி. குழாம் அழகான பழஞ்சொல். ஒரு பொறுப்புக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பொருள் அதில் உண்டு, ஆலோசகர் குழாம் என்பது போல. இருந்தாலும் அது மனிதர்களுக்கே அதிகம் ஒட்டுகிறது, பொதுவாசகரிடம் இன்று சற்று அந்நியமாகவும் நிற்கிறது. தொகுதி என்றால் திட்டமிட்டுத் தொகுத்தது. சூரிய குடும்பத்தை இலங்கையில் சூரியத் தொகுதி என்றே படிக்கிறார்கள்; சுற்றுப்பாதைகளில் ஒழுங்காக அமைந்தவை என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு முன்பே பழகியிருக்கிறது. தேர்தல் தொகுதி நினைவுக்கு வருமே என்றால், முன்னால் செயற்கைக்கோள் என்று நின்றதும் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னொரு நன்மை: ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை போகும்போது "பெருந்தொகுதி" என்று தடையின்றி வளரும். "பெருங்கூட்டம்", "பெருங்குழாம்" இரண்டும் வேறு காட்சிகளைக் கொண்டுவருகின்றன. ஆகவே ஜி.பி.எஸ்., ஐரோப்பாவின் கலிலியோ, இந்தியாவின் நாவிக், இரிடியம் ஆகியவை செயற்கைக்கோள் தொகுதிகள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் பெருந்தொகுதி.

எவை தொகுதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அவை ஒன்றாக ஏறியவை, அவ்வளவுதான். அவற்றில் 88 பிளானட் நிறுவனத்தின் டவ் என்னும் சிறு கோள்கள். அவை அந்த நிறுவனத்தின் தொகுதியில் போய்ச் சேர்ந்தன. ஒரே ராக்கெட்டில் போனதும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருப்பதும் தொகுதிக்கு அடையாளம் அல்ல. ஒரு கோள் இல்லாமல் போனால் சேவையில் இடைவெளி விழுமா? விழும் என்றால் தொகுதி.

அணி, இணை, வரிசை, திரள்

சேர்ந்து பறப்பவற்றில் சில, ஒன்றையொன்று பார்த்துத் தம் இடத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். இதற்கு "அணி" என்ற சொல்லை மிஞ்ச வேறொன்று இல்லை. அணிவகுப்பில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தானே அடி வைக்கிறோம். 2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-59 ஏவிய ஐரோப்பாவின் ப்ரோபா-3 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டு கலங்கள், இடையே சுமார் 150 மீட்டர். முன்னால் இருப்பது 1.4 மீட்டர் அகலத் தட்டால் சூரியனை மறைக்கும். பின்னால் இருப்பது அந்த நிழலுக்குள் நின்று சூரியனின் ஒளிவட்டத்தைப் படமெடுக்கும். மில்லிமீட்டர் அளவுக்கு இடம் பிசகாமல் இருந்தால்தான் இந்தச் செயற்கை கிரகணம் நடக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி விட்டுச் சுற்றும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் இதற்கும் ஒரே சொல் போடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். தொகுதியில் ஒன்று பழுதானால் சேவை குறையும். அணியில் ஒன்று பழுதானால் கருவியே இல்லை.

இரண்டு மட்டும் இருந்தால் "இணை" என்றும் சொல்லலாம். 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் இணைக்கு அது அணியைவிடப் பொருத்தம்: சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த அந்த இரண்டு கோள்களும் தூரத்தை மாறாமல் பிடித்துவைக்க முயலவில்லை. கீழே ஈர்ப்பு கூடும் இடத்தில் முன்னது சற்று இழுபடும்; அந்தத் தூர மாற்றத்தை அளந்துதான் பூமியின் ஈர்ப்பு வரைபடத்தை உருவாக்கினார்கள். மாற்றமே அங்கே தரவு.

ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்பவை "வரிசை". நாசாவின் அக்வா, ஆரா முதலியவை நண்பகல் கடந்து சுமார் ஒன்றரை மணிக்கு நிலநடுக்கோட்டைத் தாண்டும் வகையில் ஒரே தடத்தில் சென்றன. ஒரே மேகத்தை வெவ்வேறு கருவிகள் சில நிமிட இடைவெளியில் பார்த்துவிடும். ரயில் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஸ்டார்லிங்க் ஏவிய சில நாள்களுக்கு வானத்தில் முத்துக்கோவை போலத் தெரியும் ஒளிப்புள்ளிகளும் வரிசைதான். அவை உயரம் ஏறித் தத்தம் இடத்துக்குப் பிரிந்த பிறகு தொகுதியாகின்றன. அதே கோள்களுக்கு முதல் வாரம் ஒரு சொல்லும் பிறகு வேறு சொல்லும் வருவதில் தவறில்லை. நிலை மாறினால் பெயரும் மாறத்தான் வேண்டும்.

"கொத்து" என்ற சொல்லை விண்மீன் கொத்துக்கே விட்டுவிடலாம். கொத்து என்றே பொருள்படும் ஐரோப்பாவின் கிளஸ்டர் பயணத்தில் ரும்பா, சல்சா, சம்பா, டாங்கோ என்ற நான்கு கோள்கள் நான்முகி வடிவில் பறந்து பூமியின் காந்தச் சூழலை அளந்தன. பெயர் கிளஸ்டர் என்றாலும் அவை பறந்த விதத்துக்கு அணி என்பதே பொருத்தம்.

கடைசியாகத் "திரள்". ஒரு தலைமை இல்லாமல், தங்களுக்குள் பேசி முடிவெடுத்து நகரும் பல சிறு கோள்களுக்கு இதை வைக்கலாம். இது இன்னும் சோதனை நிலையில் இருக்கும் தொழில்நுட்பம். 2023-ல் நாசா ஏவிய ஸ்டார்லிங் திட்டத்தின் நான்கு சிறு கோள்கள் இந்தத் திறனைத்தான் சோதித்தன. நான்கைத் திரள் என்பதா என்று கேட்கலாம். எண்ணிக்கையை விட்டுவிட்டு யார் முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்தால் பொருந்துகிறது. இதே அளவுகோலில், திரள் என்றே பொருள்படும் பெயர் கொண்ட ஐரோப்பாவின் ஸ்வார்ம் தேறாது. 2013 நவம்பர் முதல் பூமியின் காந்தப் புலத்தை அளந்துவரும் அந்த மூன்று கோள்களுக்கும் பாதையைத் தரையிலிருந்துதான் வகுக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, மூன்றாவது சற்று உயரத்தில் போகிறது. திட்டத்தின் பெயர் என்பதால் ஸ்வார்ம் என்றே எழுதிவிட்டு, அடுத்த வரியில் "மூன்று செயற்கைக்கோள்கள் கொண்ட தொகுதி" என்று விளக்கலாம்.